வராதவர் வாக்கு

எந்தச் சங்கத்தின் யாப்பை எடுத்துப் பார்த்தாலும், இத்தனை பேர் வந்திருந்தாலன்றிப் பொதுக்கூட்டம் செல்லாது என்றொரு விதி அதிலே காணப்படும். வழக்கிலே நாம் ‘கோரம்’ என்று சொல்லுவதும், சட்டப் புத்தகங்கள் ‘கூட்டநடப்பெண்’ என்று சொல்லுவதும் இதனையே. நாலு பேர் கூடியிருந்து நாற்பது பேரின் பெயரால் தீர்மானம் எழுதிவிடக் கூடாதே என்ற நியாயமான அச்சத்திலே பிறந்த விதி இது. ஆயினும் இவ்விதிக்கு மறுபக்கம் ஒன்றுண்டு என்பதைச் சங்க வேலைகளிற் பழகிய பெரியவர்கள் அறிவார்கள். ஒரு தீர்மானம் பிடிக்காதவர்கள் கூட்டத்துக்கு வந்து, எதிர்த்துப் பேசி, கைகளை எண்ணும்போது தோற்றுப் போவதிலும், வராமலே இருந்துவிடுவது மேல் என்று திண்ணையிற் சாய்ந்துவிடுவதுண்டு. கோரம் இல்லை; கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது; தீர்மானமும் அதனோடு போயிற்று.

சங்கத்திலே இது சிறு சங்கதி. ஒரு தேசத்து மக்கள் அனைவரையும் அழைத்து ஒரு கேள்வியைக் கொடுத்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ புள்ளடி இடச் சொல்லும்போது, அதே விதி அரசாங்கங்களைக் கவிழ்க்கவும், அரியணைக்கு வாரிசுகளை மாற்றவும் வல்லதாகிவிடுகின்றது. மக்கள் தீர்ப்பு எனவும் சர்வசன வாக்கெடுப்பு எனவும் வழங்கும் இம்முறையிலே, வந்தவர்களை எண்ணுவது எளிது. வராதவர்களை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது? சென்ற நூறாண்டுச் சரித்திரத்திலே இக்கேள்விக்குப் பல நாடுகள் பல விதமாக விடை கூறியுள்ளன. அவற்றுட் சிலவற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்ளுகின்றோம்.

கணக்கை முதலில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பின்னர் வருவன எளிதில் விளங்கும். ஆயிரம் வாக்காளர் உள்ள ஓர் ஊரைக் கருதுவோம். 480 பேர் ஒரு பிரேரணையை விரும்புகின்றார்கள். 200 பேர் வெறுக்கின்றார்கள். மிகுதிப் பேருக்கு அதிலே அக்கறை இல்லை. பாதிப்பேராவது வந்து வாக்களித்தாலன்றித் தீர்ப்புச் செல்லாது என்பது அவ்வூர்ச் சட்டமாயின் நடப்பது யாது? வெறுக்கின்ற 200 பேரும் நேர்மையாக வந்து ‘இல்லை’ என்று வாக்களித்தால் வந்தவர் தொகை 680 ஆகின்றது, தீர்ப்புச் செல்லும், பிரேரணை வெல்லும். அவர்கள் வீட்டிலே படுத்துறங்கினால் வந்தவர் 480 பேரே, தீர்ப்புச் செல்லாது, பிரேரணை தோற்கும். ஆகவே எதிர்ப்பவன் வாக்களித்தாலே எதிரிக்கு உதவி செய்தவனாகின்றான். இருநூறு பேர் உறங்கியே நானூற்றெண்பது பேரை வென்றுவிடுகின்றார்கள். இவ்விதியை வருகை வரம்பு எனலாம்.

இனி, வந்தவர் தொகையைப் பாராமல், வாக்காளர் இடாப்பிலே உள்ளவர்களில் நூற்றுக்கு 40 பேராவது ‘ஆம்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்று விதித்தால் கதை வேறாகின்றது. எதிர்ப்பவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் ‘ஆம்’ என்பவர் 480 பேரே. நானூறு என்ற வரம்பை அவர்கள் கடந்துவிட்டார்கள். ஒளிந்திருப்பதனால் எவருக்கும் இலாபமில்லை. இதனை ஆதரவு வரம்பு எனலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், மனிதரை நடத்தும் விதத்திலே மிகவும் வேறானவை. ஆதரவு வரம்பிலும் குறையில்லாமலில்லை. அதனைக் காட்டுதற்கு ஸ்கொட்லாந்தின் கதையைப் போலப் பிறிதொன்று கிடையாது.

ஸ்கொட்லாந்து 1707ஆம் ஆண்டிலே தன் பாராளுமன்றத்தை இழந்து இங்கிலாந்தோடு ஒன்றிய நாடு. இருநூற்றெழுபது ஆண்டுகள் சென்றபின், 1970களிலே, தனக்கென ஒரு சபை வேண்டுமென்ற குரல் அங்கு வலுத்தது. வட கடலிலே எண்ணெய் கிடைத்தமையும் அக்குரலுக்கு உரமூட்டிற்று. 1974 ஒக்டோபர்த் தேர்தலிலே ஸ்கொட்டிஷ் தேசியக் கட்சி 11 ஆசனங்களைப் பிடித்தது. பெரும்பான்மை தளம்பிய நிலையிலிருந்த தொழிற்கட்சி அரசாங்கம், எடின்பரோவிலே ஒரு சபையை நிறுவுவதற்கு மசோதா கொண்டுவந்தது. மக்களின் சம்மதத்தைக் கேட்ட பின்பே அது நடைமுறைக்கு வருவதென்றும் இணங்கிற்று.

1978 சனவரி 25ஆந் திகதி இரவு. அது ஸ்கொட்லாந்தியர் தம் தேசியகவி ரொபேட் பேர்ன்ஸின் பிறந்தநாளை விருந்து வைத்துக் கொண்டாடும் இரவு. அவ்விரவிலே இலண்டன் நகரின் இஸ்லிங்டன் தொகுதி உறுப்பினரான யோர்ஜ் கனிங்ஹாம் என்பார் ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவந்தார். அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தில். இருந்தது அரசாங்கக் கட்சியில். வாக்களிக்கும் உரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு 40 பேர் ‘ஆம்’ என்று சொல்லாவிடின், சட்டத்தை நீக்குதற்கான கட்டளையை அமைச்சர் பாராளுமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும் என்பதே அத்திருத்தம். அரசாங்கம் எதிர்த்தும் 166க்கு 151 என்ற வாக்குக்களால் அது நிறைவேறிற்று. பின்னர் அதனை எடுத்துவிட முயன்றும் அரசாங்கத்தால் இயலவில்லை. பதினைந்து வாக்கு வித்தியாசத்திலே சபை ஏற்ற ஒரு விதி, ஒரு நாட்டு மக்களிடம் பதினைந்து வாக்கு வித்தியாசம் போதாது என்று கூறிற்று என்பது கவனிக்கத்தக்கது.

வாக்கெடுப்பு 1979 மார்ச் 1ஆந் திகதி நடந்தது. அது வேலைநிறுத்தங்களாலும் கடுங்குளிராலும் நாடே சலிப்படைந்திருந்த காலம். ‘ஆம்’ என்றவர்கள் 1,230,937 பேர். ‘இல்லை’ என்றவர்கள் 1,153,502 பேர். நூற்றுக்கு 51.6 வீதத்தினர் சபையை வேண்டினர். எழுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குக்களால் ‘ஆம்’ வென்றது, ஆனால் தோற்றது. ஏனெனில் வாக்களித்தோர் நூற்றுக்கு 64 பேரளவினரே. உரிமையுடைய வாக்காளர் தொகை சுமார் 37 இலட்சத்து 47 ஆயிரம் எனக் கணிக்கப்பட்டிருந்தது. அதிலே ‘ஆம்’ நூற்றுக்கு 32.9 வீதந்தான். வரம்பை எட்டுவதற்கு இன்னும் இரண்டே முக்கால் இலட்சம் வாக்குக்கள் வரையிலே தேவைப்பட்டன.

‘கணிக்கப்பட்டிருந்தது’ என்ற சொல்லிலே சற்றுத் தரித்து நிற்பது நல்லது. சாதாரணத் தேர்தலிலே வாக்காளர் இடாப்பிற் பிழையிருந்தால் பெருங்கேடில்லை. இறந்துபோனவன் பெயர் இடாப்பில் இருந்தாலும் அவன் வந்து வாக்களிக்கப் போவதில்லை. ஆதரவு வரம்பு வந்தவுடனே அவனும் உயிர்பெற்று எழுந்து ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கிவிடுகின்றான். இறந்தவர்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஊரிலும் சர்வகலாசாலை நகரிலுமாக இரு இடத்திற் பதியப்பட்ட மாணவர்கள், சிறையிலுள்ளவர்கள் என்றிவர்களைக் கழித்து ஒரு தொகையை அரசாங்கமே மதிப்பிட வேண்டியதாயிற்று. அப்படிக் கழிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். நோயாற் படுத்திருந்தவர்களையோ, வேறூருக்குக் குடிபெயர்ந்தவர்களையோ, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுடையவர்களையோ முற்றாகக் கழிக்க வழியில்லை. ஒரு தேசத்தின் சபை அமைவதும் அமையாததும் எழுதுவினைஞர்கள் இடாப்பை எத்துணைச் சுத்தமாக வைத்திருந்தார்கள் என்பதிலும் தங்கிநின்றது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. வாக்குறுதி வீண்போயிற்று எனக் கண்ட ஸ்கொட்டிஷ் தேசியக் கட்சியினர் அரசாங்கத்தைக் கைவிட்டனர். மார்ச் 28ஆந் திகதி நம்பிக்கையில்லாப் பிரேரணை 311க்கு 310 என்ற ஒரேயொரு வாக்கினால் நிறைவேறி, கலகன் அரசாங்கம் கவிழ்ந்தது. மே மாதத்திலே திருமதி தாச்சர் பதவிக்கு வந்தார். யூன் மாதத்திலே ஸ்கொட்லாந்துச் சட்டம் நீக்கப்பட்டது. தாச்சர் அம்மையாரின் கட்சி அத்தேர்தலிலே பெற்றது, அளிக்கப்பட்ட வாக்குக்களில் நூற்றுக்கு 44 வீதமளவு. வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் பிரித்தானிய வாக்காளரில் மூன்றிலொரு பங்கினர். மூன்றிலொரு பங்கினரின் ஆதரவு ஓர் அரசாங்கத்தை அமைக்கப் போதுமானதாயிற்று. அதே மூன்றிலொரு பங்கு ஒரு சபையை அமைக்கப் போதாததாயிற்று. இதனை முரண்பாடு என்று கூறிவிடுதல் எளிது. அரசாங்கம் ஐந்தாண்டில் மாறக்கூடியது, யாப்பு அப்படியன்று என்று கனிங்ஹாமின் பக்கத்தார் விடையிறுப்பர், அவ்விடையிலும் நியாயமுண்டு.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1997 செப்டெம்பர் 11ஆந் திகதி, ஸ்கொட்லாந்தியரிடம் மீண்டும் கேட்டார்கள். இம்முறை வரம்பெதுவும் வைக்கப்படவில்லை. வந்தவர் நூற்றுக்கு 60.4 வீதம், அதாவது 1979இலும் குறைவு. ஆனால் வந்தவர்களில் நூற்றுக்கு 74.3 வீதத்தினர் ‘ஆம்’ என்றனர். பெருக்கிப் பார்த்தால் மொத்த வாக்காளரில் ஏறத்தாழ 45 வீதம். வைக்காத வரம்பையும் அவர்கள் தாண்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வேல்ஸ் நாட்டிலே நடந்ததோ வேறு. அங்கு வாக்களித்தவர் பாதிப்பேர், ‘ஆம்’ 50.3 வீதம், வித்தியாசம் 6,721 வாக்கு மாத்திரமே. மொத்த வாக்காளரில் நாலிலொரு பங்கினரின் சொல்லிலே வேல்ஸ் சபை எழுந்தது. பழைய வரம்பு இருந்திருப்பின் அது பிறந்திராது. எனினும் அச்சபை நிலைத்தது. 2011இலே அதன் அதிகாரத்தைப் பெருக்குவதா என்று மீண்டும் மக்களைக் கேட்டபோது பெரும்பான்மையினர் சம்மதித்தனர். மெல்லிய பெரும்பான்மையிற் பிறந்தவை எல்லாம் மெல்லியனவாகவே இருந்து மடியும் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை.

அதே பிரித்தானியா 2016 யூன் 23ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று கேட்டபோதும் வரம்பு வைக்கவில்லை. 17,410,742 பேர் விலக வேண்டும் என்றனர். அது அளிக்கப்பட்ட வாக்குக்களில் 51.9 வீதம், மொத்த வாக்காளரில் 37.4 வீதம். 1978ஆம் ஆண்டின் அவ்விரவிலே நிறைவேறிய விதி இதற்கும் இருந்திருக்குமாயின் பிரித்தானியா விலகியிராது. ஒரு மாகாண சபைக்கு வேண்டும் என்று கேட்ட நாற்பது, ஒரு பேரரசாக இருந்த நாட்டின் வெளியுறவு அனைத்தையும் மாற்றும் கேள்விக்கு வேண்டாமற் போனது விந்தையே. வரம்பைப் பற்றிப் பேசுவோர் அதனை எந்தக் கேள்விக்கு வைத்தார்கள், எந்தக் கேள்விக்கு வைக்காது விட்டார்கள் என்பதையும் உடன் பார்க்க வேண்டும்.

இனி ஜேர்மனிக்குச் செல்வோம். முதலாம் உலகயுத்தத்தின் பின் அங்கே மன்னராட்சி ஒழிந்து, 1919இலே வைமார் அரசியலமைப்பு எழுந்தது. பதவியிழந்த அரச குடும்பங்களின் நிலபுலன்களையும் மாளிகைகளையும் நட்டஈடின்றி எடுத்துக்கொள்ள வேண்டுமென்று சமூக சனநாயகக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து கேட்டனர். 1926 மார்ச் மாதத்திலே ஒன்றேகாற் கோடிப் பேர் அதற்குக் கையொப்பமிட்டனர். பாராளுமன்றம் மறுத்துவிடவே, யூன் 20ஆந் திகதி மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. இஃது அரசியலமைப்பையே திருத்தும் விஷயம் என்று அரசாங்கம் கொண்டமையால், மொத்த வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது இரண்டு கோடிப் பேரளவினர், ‘ஆம்’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்த்தவர்கள் வாக்களிக்கப் போகாதீர்கள் என்றனர். விளைவு, ‘ஆம்’ என்றவர்கள் ஒரு கோடியே நாற்பத்து நாலரை இலட்சம் பேர். ‘இல்லை’ என்றவர்கள் ஆறு இலட்சத்துக்கும் குறைவு. வந்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் ஒரே குரலிற் சொல்லியும் பிரேரணை தோற்றது. நம் மனத்தை உறுத்துவது தோல்வியன்று. நாட்டுப்புறங்களிலே அது நடந்த விதமே. எதிர்ப்பவர்கள் ஒருவரும் வாக்குச்சாவடிக்குப் போகமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே சாவடி வாசலில் அடியெடுத்து வைப்பவன் எவனோ, அவன் ‘ஆம்’ காரன். எல்பே நதிக்குக் கிழக்கேயுள்ள பெரும் பண்ணைகளிலே வேலைசெய்த ஏழைக் கூலியாள், பிரபுவின் காரியத்தர் பார்த்துக்கொண்டிருக்க அவ்வாசலை எப்படித் தாண்டுவான்? வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டியில் இடும் இரகசியம் சட்டப் புத்தகத்திலே அப்படியே இருந்தது. வராதவனை ‘இல்லை’ என்று எண்ணும் விதி அதனை வெறுமையாக்கிவிட்டது. வைமார் ஜேர்மனியிலே தேசமளாவி நடந்த மக்கள் தீர்ப்புக்கள் இரண்டே. இரண்டாவது, 1929 டிசெம்பரிலே யுத்த நட்டஈட்டுத் திட்டத்தை எதிர்த்துத் தீவிர வலதுசாரிகள் கொண்டுவந்தது. அதற்கு வந்தவர்கள் நூற்றுக்கு 15 பேரளவே, அதுவும் வீழ்ந்தது. இதிலே வரம்பு நன்மை செய்தது என்று கூறுவாருமுளர். ஒரே கத்தி இருபுறமும் வெட்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

வருகை வரம்பின் முழுச் சரித்திரத்தையும் பார்க்க விரும்புபவர் இத்தாலியைப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் இத்தாலிய அரசியலமைப்பின் 75ஆம் உறுப்புரை, ஐந்து இலட்சம் வாக்காளர் கையொப்பமிட்டுக் கேட்டால் நடைமுறையிலுள்ள ஒரு சட்டத்தை நீக்குவதா என்று மக்களைக் கேட்கலாம் என்றது. வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் வந்தாலன்றி அது செல்லாது என்றும் சேர்த்தது. முதல் வாக்கெடுப்பு 1974 மே மாதத்தில், விவாகரத்துச் சட்டம் பற்றி நடந்தது. கத்தோலிக்க மரபினர் அதனை நீக்க வேண்டுமென்றனர். நாடே திரண்டு வந்தது. நூற்றுக்கு 87 பேருக்கு மேல் வாக்களித்தனர். 59 வீதத்தினர் சட்டம் இருக்கட்டும் என்றனர். அக்காலத்திலே வராமல் இருந்து வெல்லலாம் என்ற எண்ணம் ஒருவர்க்கும் தோன்றவில்லை. தோன்றினும், எல்லோரும் வரும் காலத்தில் அவ்வித்தை பலியாது.

1990இலே வேட்டை பற்றியும் கிருமிநாசினி பற்றியும் நடந்த வாக்கெடுப்பிலே வருகை முதன்முறையாகப் பாதிக்குக் கீழே விழுந்தது. வழி திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு யூன் மாதம் தேர்தல் முறைத் திருத்தம் ஒன்று வந்தபோது, முன்னாட் பிரதமர் பெட்டீனோ கிறாக்சி மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னார். கோடைகால ஞாயிற்றுக்கிழமை, பிழையான ஆலோசனை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மக்கள் கடற்கரைக்குப் போகவில்லை, அல்லது வாக்களித்துவிட்டுப் போனார்கள். 62 வீதத்துக்கு மேல் வந்து, பெரும்பாலும் ஒருமித்து ‘ஆம்’ என்றனர். ஊழலாற் சலித்திருந்த காலமாதலால் அவர் சொல்லே மக்களை எழுப்பிவிட்டது போலும்! இவ்வெழுச்சி நெடுநாள் நிற்கவில்லை. 1997 முதல் 2009 வரை நடந்த இவ்வகை வாக்கெடுப்புக்களில் ஒன்றேனும் பாதியை எட்டவில்லை. 1999 ஏப்ரிலில் வந்தவர் 49.6 வீதம், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘ஆம்’. அரை வீதத்துக்கும் குறைந்த தட்டுப்பாட்டினால் எல்லாம் வீணாயிற்று. அந்நாளிலே வெளிநாட்டில் வாழ்ந்த இத்தாலியர் பெயர்களும் இடாப்பிலே இருந்தன. வாக்களிப்பதாயின் அவர்கள் கப்பலேறியோ இரயிலேறியோ ஊர் வரவேண்டும். ஸ்கொட்லாந்தில் நாம் கண்ட அதே இடாப்புப் பேய்தான் இங்கும். 2005இலே செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பின்போது கர்தினால் றூயினி வாக்களியாதிருக்கும்படி வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். வந்தவர் நாலிலொரு பங்கு.

இதிலே யாரைக் குறைகூறுவது? விதி அனுமதிப்பதை அவர்கள் செய்தார்கள். அக்கறையில்லாதவர்கள் என்றுமே வரப்போவதில்லை. அத்தொகையின் மேலே தம்முடைய தொகையையும் ஏற்றிவைத்தால் வெற்றி எளிது. ஒருவனை வாதத்தால் வெல்ல வேண்டியதில்லை. வாதமே நடவாமற் செய்தாற் போதும். பத்திரிகையிலே எதிர்வாதம் இல்லை, மேடையிலே எதிர்ப்பேச்சு இல்லை. சும்மா இருப்பதே பிரசாரம். 2011இலே அணுசக்தி பற்றியும் தண்ணீர் விநியோகம் பற்றியும் நடந்த வாக்கெடுப்பு, புகுஷிமா விபத்து நிகழ்ந்து மூன்று மாதமளவில் வந்தமையால், மாத்திரம் பாதியைத் தாண்டிற்று. 2016இலும் 2022இலும் 2025இலும் பழைய கதையே. ஆனால் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு அந்நாட்டில் வருகை வரம்பு இல்லை. 2016 டிசெம்பரிலே அத்தகைய வாக்கெடுப்பு ஒன்று நடந்தபோது வெறுத்தவர்களும் விரும்பியவர்களும் வாக்குச்சாவடிக்கே வந்தனர், வருகை 65 வீதம், திருத்தம் தோற்றது, பிரதமர் ரென்சி பதவி விலகினார். ஏழெட்டு மாத இடைவெளியிலே ஒரே மக்கள் ஒரு முறை 31 வீதமும் மறு முறை 65 வீதமுமாக வந்ததற்குக் கேள்வியின் கனம் ஒரு காரணம். வீட்டிலிருந்தால் வெல்லலாம் என்ற ஆசை இரண்டாம் முறை இல்லாமற் போனது மற்றொரு காரணம் என்பது எம் துணிபு. ஐரோப்பிய அவையின் வெனிஸ் ஆணைக்குழு 2007இலே வகுத்த நெறிகளில், வருகை வரம்பும் வேண்டாம், ஆதரவு வரம்பும் வேண்டாம் என்றே கூறியுள்ளது. முதலாவதை நாம் முழு மனத்தோடு ஏற்கின்றோம். இரண்டாவதிலே எமக்கு அத்துணை உறுதியில்லை.

ஏனெனில் டென்மார்க் இருக்கின்றது. அந்நாட்டிலே அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மொத்த வாக்காளரில் 45 வீதத்தினரின் சம்மதம் வேண்டியிருந்தது. 1939 மே மாதம் மேற்சபையை எடுத்துவிடும் திருத்தத்துக்கு வந்தவர்களில் 92 வீதமளவினர் சம்மதித்தும், மொத்தத்தில் அது 44.5 வீதமாகவே நின்றது. அரை வீதத்தாற் போயிற்று. 1953 மே 28ஆந் திகதி மீண்டும் முயன்றனர், இம்முறை 45.8. எண்பதிலொரு பங்குகூட இல்லாத மிகுதியினாலே மேற்சபை ஒழிந்தது. அத்தோடு, மன்னருக்கு ஆண்மகவு இல்லாதவிடத்துப் பெண்மகவும் அரசுகட்டில் ஏறலாமென்ற விதியும் வந்தது. மூன்று பெண்களைப் பெற்றிருந்த மன்னரின் மூத்த மகள் மார்கிறெதே 1972இலே இராணியானார். 2024 சனவரியிலே தாமாக முடிதுறக்கும்வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டார். வரம்பையும் 1953இலே 40 ஆகக் குறைத்துக்கொண்டனர். அங்கே அவ்வரம்பு முன்னரே எல்லோரும் அறிந்தது. நடுவழியிலே ஒருவர் எழுந்து புகுத்தியதன்று. உயர்ந்ததாயினும் எட்டக்கூடியது. எதிர்ப்பவன் ஒளிந்திருந்து பயனில்லை. தைவான் நாடும் 2017இலே வருகை வரம்பை நீக்கி, வாக்காளரில் நாலிலொரு பங்கினரின் ஆதரவு என்று மாற்றிக்கொண்டது. 2025 ஓகஸ்டிலே ஓர் அணுமின் நிலையத்தை மீளத் திறப்பது பற்றிய கேள்விக்கு 43 இலட்சம் பேர் ‘ஆம்’ என்றும், 15 இலட்சம் பேர் ‘இல்லை’ என்றும் கூறியும், ஐம்பது இலட்சம் என்ற வரம்பை எட்டாமையால் அது நிறைவேறவில்லை. குறையற்ற விதி ஒன்றை மனிதர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவும் பிற நாட்டுக் கதை. நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு வரம்பு உண்டு என்பதை இளைஞர் பலர் அறியார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரையின்படி, செல்லுபடியாகும் வாக்குக்களிற் பெரும்பான்மை பெற்றால் மக்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். ஆனால் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குக்கள் மொத்த வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாவிடின், ‘ஆம்’ என்றவர்கள் மொத்தத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும். பார்வைக்கு இரு விதிகள் போலத் தோன்றும். கணக்கிட்டால் ஒன்றே. மூன்றில் இரண்டுக்கு மேல் வாக்களித்தால், அதிலே பாதிக்கு மேற்பட்டது தானாகவே மூன்றிலொன்றுக்கு மேற்பட்டுவிடும். ஆக இலங்கையின் விதி, எக்காலும் மூன்றிலொரு பங்கு ஆதரவு வரம்பு என்பதே. எழுதியவர்கள் அதனைச் சுற்றிவளைத்து எழுதியிருக்கின்றார்கள், அவ்வளவுதான்.

அவ்விதி ஒரேயொரு முறை சோதிக்கப்பட்டது. 1977 யூலையிலே தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தலின்றி மேலும் ஆறாண்டுகள் நீடிப்பதா என்ற கேள்வி, 1982 டிசெம்பர் 22ஆந் திகதி, அவசரகால நிலை நடைமுறையிலிருக்க, மக்கள் முன் வைக்கப்பட்டது. ‘ஆம்’ என்பதற்கு விளக்குச் சின்னம். ‘இல்லை’ என்பதற்குக் குடம். விளக்குக்கு 3,141,223 வாக்கு, குடத்துக்கு 2,605,983. வாக்கெடுப்பு நடந்த விதத்தைப் பற்றி எழுந்த முறைப்பாடுகள் பல. அவற்றை விட்டு எண்களை மாத்திரம் நோக்குவோம். வாக்களித்தவர் ஏறத்தாழ 71 வீதம்; ‘ஆம்’ 54.7 வீதம். மொத்த வாக்காளர் சுமார் 81 இலட்சத்து 45 ஆயிரம் ஆதலால், ‘ஆம்’ மொத்தத்தில் 38.6 வீதம். நம் வரம்பு மூன்றிலொன்று. அது எளிதிற் கடக்கப்பட்டது. ஸ்கொட்லாந்துக்கு வைத்த நாற்பது இங்கு இருந்திருப்பின், ஒரு இலட்சத்துச் சொச்சம் வாக்குக்களால் அது தோற்றிருக்கும். யாழ்ப்பாண மாவட்டத்திலே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே வாக்களித்தனர். சுவிற்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அரசியலமைப்பை மாற்றுவதாயின் நாட்டின் பெரும்பான்மையோடு மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். நம் சட்டம் மாவட்டத்தையோ மாகாணத்தையோ தனியே எண்ணுவதில்லை. அவ்வாக்குக்கள் நாடு முழுவதின் தொகையிலே கரைந்தன.

அடுத்த பாராளுமன்றப் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலே நடந்தது. 1977 யூலையிலே பதினெட்டு நிரம்பச் சில நாட்கள் குறைந்திருந்த காரணத்தால் வாக்களிக்க முடியாதுபோன ஒருவர், தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பொதுத்தேர்தலிற் புள்ளடி இடும்போது அவருக்கு இருபத்தொன்பது வயது.